தபாலம்மா வேட்பாளரான மத்தியானம்

எங்கள் கட்சி தன்னுடைய ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்த நேரத்தில் நான் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு தலையணை உறையை எரித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்று அல்ல. லிபெர்த்தா பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நான் பராமரிக்கும் சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய தலையணை உறையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் அரசியலமைப்பு. இஸ்திரி மேசையின் ஒரு முனையில் வினிகர் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தேன். அதற்குள் கொழும்பில் ஒரு மண்டபம் தெரிந்தது. மண்டபத்தில் கைகள் உயர்ந்திருந்தன. கண்ணாடி போட்ட ஒருவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். பாதி வழியில் யாரோ அவரைக் கூப்பிட, எண்ணியதை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நானும் இங்கிருந்து அவருடன் சேர்ந்து எண்ணினேன். அந்த ஆர்வத்தில் இஸ்திரிப் பெட்டியை மறந்துபோனேன்.

தபாலம்மா வென்றுவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்த சிஞ்ஞோரா விழித்துவிட்டார்.

"யார் செத்தது?" என்று கேட்டார்.

"ஒருவரும் சாகவில்லை, சிஞ்ஞோரா. எங்கள் ஆள் வென்றுவிட்டார்."

"வென்றதற்கு ஏன் உன் முகம் வெளுத்துப்போயிருக்கிறது?"

ஐம்பத்தொரு வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் அவர் சொன்னது சரி. சந்தோஷத்தில் ஒரு தடவை குதித்தேன். கால் தரையில் படும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இப்போது நான் ஊருக்குப் போக வேண்டும்.

ஏன் போக வேண்டும் என்று சொல்வதற்கு முன் தபாலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் அவர் லிகிதராக இருந்தவர். நான் இளந்தாரியாக வெளிநாடு வெளிநாடு என்று அலைந்த காலத்தில் பதிவுத் தபால் அனுப்ப அந்த யன்னலுக்குத்தான் போவேன். ஒருநாள் என் கடித உறையைத் தராசில் வைத்துவிட்டு, "தம்பி, இவ்வளவு பாரமா அப்பிடி என்ன எழுதினனீர்?" என்று கேட்டார். எங்களுக்கிடையில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் பலெர்மோவில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் வளர்த்துவிட்டேன். முதலில் அவர் சிரித்தார் என்று சேர்த்தேன். பிறகு புத்தி சொன்னார் என்றேன். கடைசியாகச் சொன்ன பதிப்பில், நான் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவர் முத்திரை ஒட்ட மறுக்கிறார்.

பிறகு அவர் தொழிற்சங்கத்துக்கு வந்தார், சங்கத்திலிருந்து கட்சிக்கு வந்தார். எங்கள் கட்சி பெரிய கட்சி அல்ல. முழுக் கட்சியையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றினால் பின் சீட்டில் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் நாங்கள் வெல்லப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் யாரை நிறுத்துவது என்பதில் கட்சிக்குள் பெரிய சண்டை. மற்றப் பக்கம் ஒரு வயதான சட்டத்தரணி. அவர்தான் வருவார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பித்தான் வாயைத் திறந்தேன்.

வாயைத் திறந்த இடம் மொந்தே பெல்லெகிரீனோ மலை. இந்த நகரத்தைக் காக்கும் புனிதையின் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. சைவக்காரரான எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் பலெர்மோவுக்குப் புதியவர்கள். ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் மலைப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்தபடி பாதி யாழ்ப்பாணம் ஏறிக்கொண்டிருக்கும். இங்கே தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைக்க வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், முழங்கால் வலி தீர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் நேர்த்தி. நானும் என் சிநேகிதர் இருவரும் அந்தப் புனிதையை மலையம்மா என்போம்.

இந்த இளவேனிலில் மூவருமாக ஏறினோம். ஒருவன் போர்கோ வெக்கியோச் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்குபவன். தலையில் காதுக்கு மேலே மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்ச முடி. மற்றவன் பிற்சாக் கடையில் மா பிசைபவன். ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவன். தபாலம்மாவைக் கட்சி நிறுத்தினால் சிகரெட்டை விடுவேன் என்று மா பிசைபவன் நேர்த்தி வைத்தான். மொட்டை அடிப்பேன் என்றான் முடியில்லாதவன்.

"இதையெல்லாம் மலையம்மா கணக்கிலை எடுக்கமாட்டா" என்றேன் நான்.

"நீ என்ன வைக்கிறாய், அதைச் சொல்லு. எந்த நேரமும் நக்கல்."

"நானோ? தபாலம்மாவை நிப்பாட்டினால் நான் ஊருக்குப் போய் அவவுக்கு வோட்டுப் போட்டிட்டு வருவன்."

சொல்லி முடிக்கவும் குகைக் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் பிடரியில் விழவும் சரியாக இருந்தது. அந்தக் குகையில் எப்போதும் நீர் கசியும். அதைப் பிடித்து வழிய விடத் தகரப் பீலிகள் வைத்திருக்கிறார்கள். அத்தனை பீலிக்கும் தப்பிய ஒரு சொட்டு.

"ஏற்றுக்கொண்டிட்டா" என்றான் முடியில்லாதவன். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

வேட்பாளர் தெரிவான அன்று, வெயில் இறங்காத நேரத்திலேயே சீசா வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வருபவர் போகிறவர் எல்லாருக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். முடியில்லாதவன் ஏற்கனவே மழித்துவிட்டு வந்திருந்தான். எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் எல்லாரையும் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னான். மா பிசைபவன் வாயில் சூயிங்கம்மைப் போட்டு மாட்டைப்போல அரைத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னடா, ஒரு நாளிலையே சிகரெட்டுக்கு அழுறியோ?"

"பஸ்ஸிலை அழுதனான், மச்சான். பக்கத்திலை இருந்த மனுசி, வேலை போயிட்டுதோ எண்டு கேட்டவ."

பிறகு அவன் ஒரு கதை சொன்னான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அதுவரை சொல்லாத கதை. சண்டைக் காலத்தில் அவன் தமையன் கொழும்பில் காணாமல் போயிருந்தான். ஆள் உயிரோடு இருக்கிறது என்று ஒரு தந்தி வந்திருக்கிறது. ஷெல் அடியில் தபால்காரர் ரோட்டில் இறங்க மறுத்துவிட்டார். யன்னலுக்குப் பின்னால் இருந்த தபாலம்மா கந்தோரைப் பூட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிளில் வந்து தந்தியை அவன் தாயின் கையில் கொடுத்தாராம்.

"தண்ணி குடியுங்கோ எண்டு அம்மா கேட்டவ. நேரமில்லை எண்டிட்டுப் போயிட்டா" என்றான்.

என் முத்திரைக் கதை அதற்குப் பிறகு வாயைவிட்டு வெளியே வரவே இல்லை.

"அது சரி, நீ எப்ப போறாய்? ரிக்கெற் போட்டிட்டியோ?" என்று முடியில்லாதவன் என்னைப் பிடித்தான்.

"நாளைக்கு."

"நாளைக்குப் போறியோ, நாளைக்கு ரிக்கெற்றோ?"

"நாளைக்கு யோசிக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பெர்மெஸ்ஸோ காலாவதியாகியிருக்கும் என்று ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். இன்னும் நாலு வருடம் இருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், அதுவும் கல்லுப்போல இருந்தது. என் பெயரில் ஏதாவது வியாதி இருக்கிறதா என்று போன வருட இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடினேன். வெட்கக்கேடு, எல்லாம் நல்லதாகவே இருந்தது.

மனைவி சமையலறை வாசலில் நின்று இந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் போகமாட்டியள். உங்களுக்குப் பயம்."

"எனக்கென்ன பயம்? இப்ப சண்டையோ நடக்குது?"

"உங்கடை அக்காவைக் கண்டு பயம்."

"அக்கா என்ன செய்வா?"

"ஒண்டும் செய்யமாட்டா. அதுதான்."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஊருக்குப் போனதுதான் கடைசி. ஒன்பது நாள் நின்றேன். அதில் ஐந்து நாள் வயிற்றோட்டம். அக்கா கஞ்சி காய்ச்சித் தந்தார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவர் தனி. அடுத்த வருசம் வாறன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது சுகம் விசாரிப்பதைப்போல ஆகிவிட்டது. அவரும், சரி, சாப்பிட்டியோ என்று கேட்பார்.

ஆனால் பயம் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. பயத்தோடு எனக்கு எத்தனையோ வருடப் பழக்கம், அதைச் சமாளிக்கத் தெரியும். என்னைக் குழப்பியது மற்றது. எனக்கு அந்த வோட்டைப் போட வேண்டும்போல இருந்தது.

நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூட வோட்டுப் போட்டதில்லை. எனக்குப் பதினெட்டு வயதான காலத்தில் எங்கள் பக்கம் தேர்தல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது. பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்து ஒளிந்து இருந்தேன். பிறகு இங்கே வந்துவிட்டேன். இங்கே நான் பிறநாட்டான். ஐம்பத்தொரு வயதுக்குள் கலியாணம், இரண்டு பிள்ளைகள், ஒரு பித்தப்பைச் சத்திரசிகிச்சை எல்லாம் ஆகிவிட்டது. இது மட்டும் ஆகவில்லை.

சிஞ்ஞோரா வோட்டைத் தவறவிடுவதே இல்லை. தேர்தல் நாளில் முத்துமாலை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் தள்ளிக்கொண்டு இரண்டு தெரு தாண்டியுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவேன். வோட்டுப் பெட்டி இருக்கும் வகுப்பறை வாசல் வரை நானும் நாற்காலியும் ஒரே ஆள். அதற்கு அப்பால் அவர் மட்டும். ஒரு பென்சிலைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். திரைக்குக் கீழே அவருடைய சக்கரங்கள் தெரியும். நான் தாழ்வாரத்தில், பிள்ளைகள் கீறி ஒட்டிய படங்களைப் பார்த்தபடி நிற்பேன். ஒருமுறை வெளியே வந்தவரிடம், "யாருக்குப் போட்டீர்கள்?" என்று பகிடியாகக் கேட்டேன். "அது எனக்கும் கடவுளுக்கும் இடையில்" என்றார். கடவுளோடு தனியாகப் பேச எனக்கும் ஒரு திரை இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். வெளியே, "கடவுளும் பிறநாட்டவர், சிஞ்ஞோரா, அவருக்கும் இங்கே வோட்டில்லை" என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

வேட்பாளர் தெரிவுக்கு மறுநாள், சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்துக்குப் போனதும் அவர் வீட்டுப் பல்கனியில் நின்று அக்காவுக்கு எடுத்தேன். என் பெயர் வாக்காளர் பட்டியலில், எங்கள் பேச்சில் இடாப்பில், இருக்கக் கூடாதென்று பாதி மனம் வேண்டியது. இருக்க வேண்டுமென்று மற்றப் பாதி வேண்டியது. எந்தத் தெய்வத்துக்கு எந்தப் பாதி கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

"அக்கா, வாக்காளர் இடாப்பிலை என்ரை பேர் இருக்கோ?"

"என்னடா திடீரெண்டு?"

"தபாலம்மா நிக்கிறா எல்லே."

"ஓம், ரீவீயிலை பாத்தனான். நல்லா மெலிஞ்சுபோனா."

"பேர் இருக்கோ?"

எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"இல்லைத் தம்பி. நான்தான் எடுப்பிச்சனான்."

"எப்ப?"

"அது ஏழெட்டு வருசமாச்சு. ஒவ்வொரு எலெக்சனுக்கும் உன்ரை வோட்டு அட்டை வரும். போஸ்ட்மன் வாசல் படலையடியிலை நிண்டு உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் போய் வாங்குவன். ஆள் எங்கை எண்டு கேப்பார். வருவான் எண்டு சொல்லுவன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு அவர் பென்சனிலை போய் வேறை ஆள் வந்துது. அந்தாளும் படலையிலை நிண்டு உன்ரை பேரைக் கூப்பிட்டுது. ஆள் எங்கை எண்டு கேட்டுது. எனக்கு வருவான் எண்டு வாயிலை வரேல்லை. அந்த வருசம் விதானையார் போம் கொண்டு வரேக்கை, எடுத்துவிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

விதானையார் என்பது எங்கள் கிராம சேவகர். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருடாவருடம் படிவத்தில் எழுதிக்கொண்டு போவது அவர்தான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீ கேக்கேல்லையே."

"வந்த அட்டையளை என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? அடுப்பு மூட்டினனான்." பிறகு, "சாப்பிட்டியோ?" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். பொய் சொல்லமாட்டேன். வோட்டில்லை, ஆகவே நேர்த்தியில்லை, ஆகவே டிக்கெட் இல்லை. சிஞ்ஞோராவுக்குக் கோப்பி வைக்க அடுப்படிக்குப் போனேன். கோப்பி கொதித்து மேலே வரும்வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

அந்த இடாப்பில் அக்காவின் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது என்று இத்தனை காலத்தில் ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. இல்லை என்று அவர் சொன்னபிறகுதான், இருக்கிறது என்ற தைரியத்திலேயே இங்கே இவ்வளவு காலமும் பகிடிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த வீட்டில் இருப்பவர்கள் என்று எழுதும்போது இப்போது ஒரு பெயர்தான் எழுதுகிறார்கள். அதை எழுதுவித்தவர் ஒவ்வொரு முறையும் படலை வரைக்கும் நடந்து போனவர்.

அன்று பின்னேரம் கடையில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். "நான் தப்பிட்டன். இடாப்பிலை என்ரை பேரே இல்லையாம். அக்கா வெட்டிப்போட்டா" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். முடியில்லாதவன் பாய்ந்து விழுவான், எனக்கு மொட்டை, உனக்கு மட்டும் விடுதலையோ என்று சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மா பிசைபவன் சூயிங்கம்மை மெல்லுவதை நிறுத்தினான்.

"மச்சான், என்ரை பேர் இருக்குமோ?"

அவன் அங்கேயே நின்று தமையன் வீட்டுக்கு எடுத்தான். அண்ணி பேசினார். "இருக்காம்! அண்ணன்ரைக்குக் கீழை இருக்காம்!" என்று கத்திவிட்டு, நேற்றுப் பஸ்ஸில் அழுதது போதாதென்று மறுபடி மூக்கை உறிஞ்சினான். முடியில்லாதவன் வீட்டைப் பூட்டி எத்தனையோ வருடம். பக்கத்து வீட்டுக்கு எடுத்தான். புதிதாகக் குடிவந்தவர்கள்போல. எந்த வீடு, எந்த வீடு என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வேம்பு நிக்கிற வீடு... வேம்பு இல்லையோ? சரி, கிணத்துக்கு அங்காலை..." என்று வழி சொல்லிக்கொண்டிருந்தவன், பாதியிலேயே கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். கடைக்கார அண்ணை யாருக்கும் எடுக்கவில்லை. "எனக்குக் கேக்க அங்கை ஆள் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பருப்பு மூட்டையை அவிழ்த்தார்.

நான் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன். ஆட்டோ ரிப்பேர்க் கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. அக்கா. அவர் எனக்கு எடுப்பதே இல்லை. எப்போதும் நான்தான் எடுப்பேன்.

"என்னக்கா? ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, ஒண்டு கேக்கோணும். பேர் இருக்கோ எண்டு ஏன் கேட்டனீ? வரப்போறியோ?"

"நேத்தி வைச்சனான். வோட்டுப் போட வருவன் எண்டு."

"இப்ப வோட்டில்லையே."

"இல்லை."

"அப்ப வரமாட்டாய்."

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு பகிடி வரும். வாயைத் திறந்து காத்திருந்தேன், வரவில்லை. பஸ் வந்தது. கதவு திறந்து மூடியது. பஸ் போய்விட்டது.

"வாறன்" என்றேன். அந்தச் சொல் எனக்கே பழைய பொய்யைப்போலக் கேட்டது. ஆகவே, "கார்த்திகையிலை வாறன். சிஞ்ஞோராவின்ரை மகள் அந்த மாசம் மிலானோவிலை இருந்து வருவா. என்ரை இடத்துக்கு அவ நிப்பா. ஒரு மாசம் நிப்பன்" என்று சொன்னேன். சிஞ்ஞோராவின் மகளிடம் நான் இன்னும் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. ஆனால் மாதத்தைச் சொல்லிவிட்டேன். முன்பு ஒருநாளும் மாதம் சொன்னதில்லை.

"எலெக்சன் அதுக்கு முதலே முடிஞ்சிடும்" என்றார் அக்கா.

"தெரியும்."

"கார்த்திகையிலை இஞ்சை ஒரே மழை."

"நனையிறன்."

அந்தப் பக்கம் எழுந்து நடப்பது கேட்டது. ஏதோ கதவைத் திறந்தார். பாவிக்காத கதவு, இறுகியிருந்திருக்க வேண்டும், இரண்டு தரம் தள்ளும் சத்தம் வந்தது.

"அப்ப மெத்தையை இப்பவே காயப் போடோணும். பிறகு வெயில் வராது" என்றார்.